மரிலின் மன்றோ அட்டைப்படம்... உள்பக்கத்தில் ஒரு பொய் மீன்! யார் இந்த லௌரி ராபலா?

1962 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவில் யாரைப் பார்த்தாலும் மரிலின் மன்றோ பேச்சுதான். 36 வயது நடிகை, 5-ம் தேதி அதிகாலை லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் இறந்து கிடந்தார். நாடே அந்த அதிர்ச்சியில் இருந்தபோது, 'லைஃப்' வார இதழ் ஆகஸ்ட் 17 தேதியிட்டு அவர் முகத்தை அட்டையில் போட்டு ஒரு நினைவிதழைக் கொண்டுவந்தது. கடைக்கு வந்த வேகத்தில் காலி!

மரிலினுக்காக வாங்கியவர்கள் பக்கங்களைப் புரட்டினால், உள்ளே கொஞ்சமும் சம்பந்தமில்லாத இன்னொரு கட்டுரை இருந்தது. பின்லாந்தில் ஒரு மீனவர், மரத்தில் குட்டி மீன் செதுக்குகிறார். அதைத் தூண்டிலில் கட்டி இழுத்தால் நிஜ மீன்களே ஏமாந்து வந்து கவ்வுகின்றன. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் கட்டுரைக்குப் பிறகு குவிந்த ஆர்டர்கள் 30 லட்சத்தைத் தொட்டதாக நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. குடும்பமே உட்கார்ந்து செய்துகொண்டிருந்த ஒரு குடிசைத் தொழிலுக்கு 30 லட்சம் ஆர்டர்!

அந்த மீனவர்தான் லௌரி ராபலா. கடலோரத்தில் நின்று அலைக்குள் தூண்டில் வீசுகிறவர்கள், படகில் போய் வஞ்சரமும் பாரையும் தேடுகிறவர்கள் என யாருடைய பெட்டியைத் திறந்தாலும் இன்று அந்தப் பெயர் கண்ணில் படும். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் கடல் மீனவரே கிடையாது. வாழ்நாள் முழுக்க ஏரியில் துடுப்புப் போட்டவர். அது மட்டுமா? ராபலா என்பது அவர் பிறந்தபோது இருந்த பெயரும் கிடையாது.

பெயரே ஒரு தவறில் வந்ததுதான்

1905 நவம்பர் 27-ல், பின்லாந்தின் சுஸ்மா என்ற ஊரில் பிறந்தார் லௌரி. அப்போது பின்லாந்து தனி நாடு இல்லை, ரஷ்யப் பேரரசின் ஒரு பகுதி. குடும்பப் பெயர் சாரினென். லௌரிக்கு 7 வயதானபோது, அம்மா மாரி பிழைப்புக்காகப் பையனை அழைத்துக்கொண்டு அசிக்கலா என்ற பக்கத்துப் பகுதிக்குக் குடிபோனார். ஊர் மாறினால் அங்குள்ள தேவாலயப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். எழுதிய பாதிரியாருக்கு இவர்களின் குடும்பப் பெயர் நினைவுக்கு வரவில்லையாம். இவர்கள் எந்தக் கிராமத்திலிருந்து வந்தார்களோ அந்தக் கிராமத்தின் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார். அந்தக் கிராமம்தான் ராபலா.

நம்ம ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட பிறந்த தேதி ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளுமே, கிட்டத்தட்ட அதே கதைதான். ஃபின்னிஷ் மொழியில் 'ராபா' என்றால் சேறு. சேற்றிலிருந்து வந்த இந்தப் பெயர்தான் பின்னால் உலகம் முழுக்கப் பளபளக்கும் பெட்டிகளில் அச்சாகப் போகிறது.

லௌரிக்கு 12 வயதில், 1917 டிசம்பரில், பின்லாந்து விடுதலை அடைந்தது. அடுத்த மாதமே உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. தென் பின்லாந்து முழுக்கச் சண்டை, கடும் உணவுத் தட்டுப்பாடு. நிலம் இல்லாத ஏழை வீட்டுப் பையனுக்கு வேறென்ன வழி இருக்கும்? கிடைத்த வேலைக்குப் போக வேண்டியதுதான். குளிர்காலத்தில் காட்டில் மரம் வெட்டினார், ஏரியின் பனி உருகியதும் மீன்பிடித்தார்.

1928-ல் எல்மா லெப்பானென் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். தனிக்குடித்தனத்துக்கு வசதி இல்லை. எல்மாவின் பெற்றோர் வீட்டிலேயே தங்கினார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்று இங்கே கேலி செய்வோம். அங்கே அது வறுமை. குழந்தைகள் பிறந்தார்கள். 1930-களின் பொருளாதார மந்தநிலை பின்லாந்தையும் விட்டுவைக்கவில்லை. மீன் கிடைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை.

ஏரி சொல்லிக் கொடுத்த பாடம்

அவர் மீன்பிடித்த ஏரியின் பெயர் பையானே. பின்லாந்தின் இரண்டாவது பெரிய ஏரி. இன்று தலைநகர் ஹெல்சிங்கியின் குழாயில் வரும் குடிநீர் இந்த ஏரியிலிருந்துதான், 120 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாகப் போகிறது. அவ்வளவு தெளிந்த தண்ணீர். இந்தத் தெளிவு நம் கதைக்கு முக்கியம். கலங்கிய குளத்தில் லௌரிக்கு அந்தக் காட்சி கிடைத்தே இருக்காது.

அவர் மீன்பிடித்த முறை நம் கடலோரத்தின் ஆயிரங்கால் தூண்டில் மாதிரிதான். நீளமான கயிறு, அதில் வரிசையாக முட்கள், ஒவ்வொரு முள்ளிலும் ஒரு குட்டி மீன் இரை. கேட்கச் சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும். முதலில் இரைக்கான மீனைப் பிடிக்க வேண்டும். அதை ஒவ்வொரு முள்ளாகக் குத்த வேண்டும். செத்த இரையை மாற்ற வேண்டும். பெரிய மீனைப் பிடிக்கும் நேரத்தைவிட, அதற்கான சின்ன மீனுக்கு அலையும் நேரம் அதிகம். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடி என்று சொல்லிவிடலாம். அந்தச் சின்ன மீனை யார் பிடித்துத் தருவது?

படகில் போகும்போது லௌரி தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டே இருப்பார். பொடி மீன்கள் கூட்டமாக நீந்தும். கீழே பைக் என்ற வேட்டை மீன் அசையாமல் காத்திருக்கும். கூட்டத்துக்குள் பாயும்போது அது எல்லாவற்றையும் குறிவைப்பதில்லை என்பதைக் கவனித்தார். நூறு மீன் ஒரே மாதிரி நீந்தினால், அதில் ஒன்று லேசாகத் தள்ளாடும். அடிபட்டதோ, நோயோ, என்னவோ. பாய்ச்சல் அதன் மேல்தான்.

காரணம் கேட்டால் எளிமையானது. துரத்திப் பிடிப்பதற்கும் சக்தி செலவாகும். தப்பிக்க முடியாததைப் பிடித்தால் லாபம். தள்ளாட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. மீனின் விலாவில் தலையிலிருந்து வால் வரை ஓடும் பக்கவாட்டுக் கோடு, தண்ணீரில் உண்டாகும் மெல்லிய அதிர்வையும் உணர்ந்துவிடும். சீராக நீந்தும் மீனின் அதிர்வு வேறு, நொண்டும் மீனின் அதிர்வு வேறு.

அப்படியென்றால் செய்ய வேண்டியது மீன் பொம்மை இல்லை, நொண்டி மீன் பொம்மை. இந்த இடத்தில்தான் லௌரி மற்றவர்களிடமிருந்து பிரிகிறார். அதற்கு முன் உலகம் முழுக்கப் பொய் இரை செய்தவர்கள் பலரும் பளபளப்பையும் வண்ணத்தையும் துரத்தினார்கள். இவர் துரத்தியது நடையை.

செருப்புத் தைக்கும் கத்தி, சாக்லேட் காகிதம், பழைய நெகட்டிவ்

1936. கையில் காசில்லாத ஒருவர் வீட்டைச் சுற்றி என்ன கிடைக்கும் என்று பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கிறது முதல் ராபலாவின் பொருள் பட்டியல். உடம்புக்குத் தக்கை. செதுக்கச் செருப்புத் தைப்பவரின் கத்தி, தேய்க்க உப்புத்தாள். செதிள் மாதிரி மின்ன சாக்லேட், சீஸ் சுற்றி வரும் ஈயத்தாள். கடைசியில் தண்ணீர் புகாமல் இருக்க, பழைய புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார். அந்தக் கால நெகட்டிவ் செல்லுலாய்டில் செய்தது. அது காய்ந்தால் கெட்டியான வார்னிஷ் மாதிரி பிடித்துக்கொள்ளும். வார்னிஷ் வாங்கக் காசு இல்லாதவர் கண்டுபிடித்த வார்னிஷ்.

பொய் மீனின் வாய்க்குக் கீழே சின்ன நாக்கு மாதிரி ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். மொத்த சூட்சுமமும் அதில்தான். கயிற்றை இழுக்கும்போது தண்ணீர் அந்தத் தகட்டில் மோதி, இடமும் வலமும் மாறி மாறிச் சுழலாக விலகும். ஒவ்வொரு சுழலும் உடம்பை ஒரு பக்கம் தள்ளும். தக்கை லேசானது என்பதால் உடனே திரும்பி வரும். விளைவு, தள்ளாட்டம். கனமான மரத்தில் இதைச் செய்தால் அசைவு மந்தமாகிவிடும். லேசான உடம்பும் சரியான தகடும் சேர்ந்தால்தான் அந்த நொண்டி நடை கிடைக்கும்.

காற்றாடி விட்டவர்களுக்கு இது இன்னும் சுலபமாகப் புரியும். சூத்திரம் கட்டுவதில் கொஞ்சம் பிசகினாலும் காற்றாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து குத்தும், இல்லையா? பொய் மீனின் மூக்கில் கயிறு கட்டும் கம்பி வளையமும் அப்படித்தான். ஒரு இழை வலது பக்கம் வளைந்தால் போதும், மீன் வலது பக்கமே ஓடும். அதனால் ஒவ்வொரு மீனையும் தண்ணீரில் இழுத்துப் பார்த்து, வளையத்தை வளைத்துச் சரிசெய்த பிறகே லௌரி விற்பனைக்குக் கொடுத்தார். பிறகு தொழிற்சாலை வந்தபோதும் இந்த வழக்கம் போகவில்லை. தொட்டியில் நீந்திக் காட்டாத மீன் வெளியே வராது என்பது நிறுவனத்தின் பெருமை ஆனது.

பலன் எப்படி? ஒரே நாளில் 600 பவுண்டு, அதாவது சுமார் 270 கிலோ மீன் பிடித்த நாட்களும் உண்டு என்பது நிறுவனம் சொல்லும் கதை. இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம். லௌரியின் ஆரம்ப வாழ்க்கை பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி, அவர் பொருளை விற்றவர்கள் வழியாக வந்தது. மீன்பிடி உலகத்தில் எடை கொஞ்சம் ஏறித்தான் சொல்லப்படும். எண்ணை விட்டுவிடலாம். ஆனால் சுற்றுவட்டாரத்தில் மற்ற மீனவர்களும் அவரிடம் வந்து அதே மாதிரி ஒன்று செய்து தரக் கேட்டார்கள், குடும்பம் மெல்ல மீன் பிடிப்பதிலிருந்து பொய் மீன் செய்வதற்கு மாறியது என்பதுதான் நடந்த விஷயம். போட்டித் தொழிலில் இருக்கும் மீனவன் இன்னொரு மீனவனின் கருவியைக் காசு கொடுத்து வாங்குகிறான் என்றால், அதைவிட வேறு சான்று வேண்டுமா என்ன?

போரும் நைலானும்

வேகம் எடுக்கிற நேரத்தில் போர் வந்தது. 1939 நவம்பர் 30-ல் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. 1940 மார்ச்சில் ஒரு சமாதானம், 1941-ல் மீண்டும் போர், 1944 வரை. ஏறக்குறைய 5 ஆண்டுகள் பொய் மீனைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

போர் முடிந்து திரும்பவும் தொடங்கியபோது, மகன்கள் வளர்ந்திருந்தார்கள். ரெய்யோ, ரிஸ்தோ, என்சியோ என அடுத்தடுத்து வேலையில் இறங்கினார்கள். செதுக்குவதற்கு இயந்திரம் வந்தது. தக்கைக்கும் பைன் மரப்பட்டைக்கும் பதிலாக பால்சா மரம் வந்தது. தென் அமெரிக்காவில் வளரும் இந்த மரம் பஞ்சு போல லேசு. விமான மாதிரிகள் செய்வார்களே, அதே மரம்தான். தக்கையைவிட நன்றாக மிதக்கும், ஒரே சீராகச் செதுக்க வரும்.

இந்த இடத்தில் பலரும் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. லௌரியின் 11 சென்டிமீட்டர் மீனின் எடை சுமார் 6 கிராம்தான். படகின் பின்னால் கட்டி இழுக்க அது பிரமாதம். ஆனால் கையால் வீச முடியாது. பழைய காலத்துச் சுழல் உருளையையும் முறுக்கு நூலையும் வைத்து 6 கிராமை வீசினால் காலடியிலேயே விழும். 1938-ல் அமெரிக்காவில் நைலான் அறிமுகமானது. போருக்குப் பிறகு நைலான் தங்கூசியும், நூல் தடையில்லாமல் உருவிக்கொண்டு போகும் ஸ்பின்னிங் ரீலும் சேர்ந்து சாதாரண மக்கள் கைக்கு வந்தன. அப்போதுதான் லேசான பொய் மீனைத் தூரத்துக்கு வீசுவது சாத்தியமானது. 1936-ன் கண்டுபிடிப்பு 1950-களில் புகழ்பெற இதுவும் ஒரு காரணம். கண்டுபிடிப்பு மட்டும் போதாது, அதைத் தூக்கிப்போகும் கருவியும் வர வேண்டும்.

1952-ல் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் நடந்தது. வந்திருந்த வெளிநாட்டினர் கண்ணில் இந்த மீன் பட்டது. அண்டை நாடுகளான ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் போகத் தொடங்கியது. அமெரிக்காவிலும் மினசோட்டா பக்கம் குடியேறிய பின்லாந்துக்காரர்கள் வழியாக ஒன்றிரண்டு நுழைந்தது.

மினியாபொலிஸில் மீன்பிடிப் பொருட்களின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர் ரான் வெபர். 1959-ல் இந்தப் பின்லாந்து மீன் மற்ற எல்லா இரைகளையும் ஓரங்கட்டுவதை நேரில் பார்த்து அசந்துபோனார். அதே ஊரில் மீன்பிடிக் கடை வைத்திருந்த ரே ஆஸ்ட்ரமிடம் கொண்டுபோய்க் காட்டினார். இருவரும் சேர்ந்து லௌரிக்குக் கடிதம் போட்டு இறக்குமதி செய்ய ஆரம்பித்தார்கள். வந்த சரக்கு வந்த நாளே தீர்ந்தது. மீனை விற்காமல் நாள் வாடகைக்கு விட்ட கடைகள்கூட இருந்ததாகச் சொல்கிறார்கள். தொலைத்தால் முன்பணம் போச்சு!

அதன் பிறகுதான் 'லைஃப்' கட்டுரை. மரிலின் மட்டும் அந்த வாரம் அட்டையில் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஒரு நடிகையின் மரணத்துக்கும் ஒரு மீனவரின் அதிர்ஷ்டத்துக்கும் ஒரே அட்டை. யோசித்தால் கொஞ்சம் சங்கடமான விஷயம்தான்.

ஆர்டர் மலை போலக் குவிந்ததும், கையால் செய்து கட்டுப்படியாகாது என்று ஆனது. அசிக்கலா பகுதியில் தொழிற்சாலை எழுந்தது. மிதக்கும் மீனோடு, எண்ணிக்கொண்டே எவ்வளவு ஆழம் வேண்டுமோ அவ்வளவு மூழ்கவிடும் 'கவுண்ட்டவுன்' என்ற மூழ்கு மீனும் 1960-களில் வந்தது. பிடித்த மீனை நறுக்க ஒரு கத்தியும் வந்தது. பின்லாந்தின் வடபகுதியில் இருக்கும் ரோவனியமி நகரத்தின் மார்ட்டினி நிறுவனம் செய்து கொடுத்த மெல்லிய, வளையும் கத்தி அது. அமெரிக்கச் சமையலறைகளில் பொய் மீனைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்கூட அந்தக் கத்தியை வைத்திருந்தார்கள்.

ஏரி மீன் கடலுக்குப் போன கதை

சரி, ஏரியில் பிறந்த இந்த மீன் கடல் அலைக்குள் எப்படிப் போனது?

கடலில் பொய் இரை போடுவது ஒன்றும் புதுசு இல்லை. பசிபிக் தீவு மக்கள் முத்துச்சிப்பி ஓட்டைச் செதுக்கி, அதில் முள் கட்டி, சூரை மீன் பிடித்தது ஐரோப்பியர் அங்கே போவதற்கு முன்பிருந்தே வழக்கம். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஈயத்தையும் வெள்ளீயத்தையும் மீன் வடிவில் வார்த்து, கயிற்றின் நுனியில் கட்டி, தலைக்கு மேல் சுழற்றி அலைக்குள் எறிந்து, கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார்கள். ரீல், கம்பு எதுவும் கிடையாது. 1852-ல் ஜூலியோ பியூல் கரண்டி வடிவத் தகட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். சாப்பிடும்போது ஏரியில் கரண்டி விழுந்து, அதை ஒரு மீன் கவ்வியதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று ஒரு கதை. 1940-களில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த பாப் பாண்ட், 'ஆட்டம்' என்ற பெயரில் கனமான பொய் மீன்களைச் செய்து கரையோர மீன்பிடிப்பாளர்களிடம் பெயர் வாங்கினார்.

இவை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று, கனம். கரையில் நிற்பவருக்கு எதிர்க்காற்று முகத்தில் அறையும். அலை உடையும் இடத்தைத் தாண்டி இரை விழ வேண்டும். அங்கே 6 கிராம் பால்சா மீனை வீசினால் காற்று அதைத் திருப்பி நம் தொப்பியிலேயே மாட்டிவிடும். லௌரியின் மீனுக்கு எது பலமோ அதுவே கடற்கரையில் பலவீனம்.

ஆனாலும் கரையோரக்காரர்களால் அதை விட முடியவில்லை. வரிக்கோடு போட்ட ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீன்தான் அந்தக் கரையின் நாயகன். அது இரவில் கரையோரம் வந்து மேய்வது மணல் விலாங்கு போன்ற ஒல்லியான சின்ன மீன்களை. ராபலாவின் ஒல்லி உருவமும் அந்த நொண்டி நடையும் அதற்கு அப்படியே பொருந்தின. இருட்டில், மெதுவாக, ஏதோ சாகக் கிடக்கிற மாதிரி இழுத்தால் போதும்.

எனவே வேறு வழி தேடினார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஆர்கன்சாவில் 'ரெபெல்' என்ற நிறுவனம் ராபலாவின் வடிவத்தைப் பின்பற்றி பிளாஸ்டிக் மீன் கொண்டுவந்தது. உள்ளே வெற்றிடம். பால்சா போல உடையாது, பல்லுக்குத் தாங்கும், விலையும் குறைவு. அதே மாநிலத்திலிருந்து 'ரெட் ஃபின்' என்ற இன்னொரு பிளாஸ்டிக் மீன். கரையோரக்காரர்கள் இதன் வயிற்றில் துளை போட்டு, தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி, துளையை அடைத்துவிட்டார்கள். கனம் கூடியதால் காற்றைக் கிழித்துப் போனது. நடை கொஞ்சம் சோம்பலானாலும் இரவு மீனுக்கு அதுவே பிடித்தது. இன்றுவரை அந்தக் கரைகளில் இந்த வேலை நடக்கிறது. செருப்புத் தைக்கும் கத்தியோடு தக்கையைச் செதுக்கியவரின் அதே சமையலறைத் தொழில்நுட்பம்தான் இதுவும்.

இதைப் போலி என்று லௌரியின் பக்கம் நின்று கோபப்படலாம். ஆனால் ஒரு நடையை யாரும் பூட்டி வைக்க முடியாது. அவரே அதை அடிபட்ட ஒரு மீனிடமிருந்துதானே எடுத்தார்!

ராபலா நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. கடலுக்கென்றே 'மேக்னம்' என்ற வரிசையைக் கொண்டுவந்தது. அதற்குப் பால்சா சரிப்படாது என்பதால், ஆப்பிரிக்காவின் அபாச்சி மரத்தில் செதுக்கினார்கள். பெரிய உலோகத் தகடு, தடித்த முட்கள். சூரை, வஞ்சரம், பாரை என வெப்ப மண்டலக் கடல்களில் படகின் பின்னால் இழுப்பதற்கு இது நிலையான சரக்கு ஆனது. அந்தமான் பக்கம் தூண்டிலோடு போகிறவர்களுக்கும் இந்தப் பெயர் அறிமுகம்தான்.

கண்டுபிடித்தவர் எங்கே?

இத்தனை நடந்தபோதும் லௌரி அதே ஏரிக்கரையில்தான் வாழ்ந்தார். 1974 அக்டோபர் 20-ம் தேதி இறந்தார். வயது 68. நிறுவனத்தை மகன்கள் பார்த்துக்கொண்டார்கள். காலப்போக்கில் அது குடும்பத்தின் கையிலிருந்து விலகி, 1998-ல் ஹெல்சிங்கி பங்குச் சந்தையில் பட்டியலானது. பிரான்ஸில் தூண்டில் முள் செய்யும் விஎம்சி நிறுவனத்தோடு சேர்ந்து பெயரே 'ராபலா விஎம்சி' ஆகிவிட்டது. கத்தி செய்து கொடுத்த மார்ட்டினியையும் பிறகு அதுவே வாங்கிக்கொண்டது. பின்லாந்தில் நடந்த வேலையில் பெரும்பகுதி எஸ்தோனியாவுக்குப் போனது.

நிறுவனத்தின் பங்கு விலை எவ்வளவு என்று தெரியாத மீன்பிடிப்பாளர்களும் தினமும் அவர் பெயரை உச்சரிக்கிறார்கள், வேறு ஒரு காரணத்துக்காக. பொய் மீனைத் தங்கூசியில் இறுக்கிக் கட்டினால் அதன் ஆட்டம் குறைந்துவிடும். மூக்கு வளையத்தில் ஒரு சின்ன கண்ணி விட்டு, மீன் தாராளமாக ஆடும்படி முடிச்சுப் போட வேண்டும். அந்த முடிச்சுக்குப் பெயர் 'ராபலா முடிச்சு'. கட்டப் பழக ஒரு பத்து நிமிடம் ஆகும். பல்லால் நுனியை இழுத்து, எச்சில் தடவி இறுக்கி, ஒருமுறை கையில் ஆட்டிப் பார்த்துவிட்டு அலைக்குள் வீசுவார்கள்.